உயர்தரப் பள்ளியில் ஆங்கில அருஞ்சொற் பயிற்சி

1835-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் மதுரையினின்றும் வடக்கே வந்து திண்டுக்கல்லில் தங்கி வேலை தொடங்கினர். அதே ஆண்டில், கல்கத்தாவில், இந்தியருக்கு ஆங்கிலக் கல்வியே அளிக்கத்தக்கதென்று மெக்காலே தமது பேர்போன குறிப்பை எழுதினார். அன்று தொட்டு இன்றளவும் ஏறத்தாழ இருநூறாண்டுகளாக நம்மவர் ஆங்கிலம் கற்று வருகின்றனர். எனினும், மலைக்கோட்டையைச் சூழ்ந்த இச்சமவெளியிலுள்ள ஓர் உயர்தரப் பள்ளியிற் சென்று, ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் ஆங்கில அருஞ்சொற்களைக் கற்கும் வகை யாதென நோக்குவோமாயின், நாம் காண்பது பெரும்பாலும் ஒன்றே. ஏட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் தமிழ்ப்பொருள் ஒன்று. அச்சொல்லைப் பத்து முறை எழுதுக, நாளைக் காலை ஒப்பிக்க, தேர்வில் எழுதுக, அப்பால் மறக்க. யானும் அவ்வாறே கற்றேன். அவ்வாறு கற்றதனால் விளைந்த துன்பம் ஒன்றைக் கூறியபின், வேறு வழியுண்டோ என்பதை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஆராயக் கருதுகின்றேன்.

யான் பத்தாம் வகுப்பிற் பயின்ற ஆண்டு என் அப்பத்தாவின் கழுத்தில் ஒரு கட்டி தோன்றிற்று. நகரத்து மருத்துவர் ஒருவர் ஊசியினால் அதிலிருந்து சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சோதனைத் தாள் ஒரு சனிக்கிழமை மாலையில் எங்கள் கைக்கு வந்தது. மருத்துவரைத் திங்கட்கிழமை காலையிலன்றிக் காண இயலாது. பூட்டுப் பட்டறையிலிருந்து அப்பொழுதுதான் வீடு திரும்பிய என் தந்தையார், கையைத் துடைத்துக்கொண்டு தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, நீதான் இங்கிலீஷில் நல்ல மார்க்கு வாங்குகிறாயே, என்ன போட்டிருக்கிறதென்று பார்" என்றனர். வீட்டார் அனைவரும் சுற்றி நின்றனர். அத்தாளின் இறுதி வரியில் எனக்கு அறிமுகமாயிருந்த சொல் ஒன்றே. அது 'பினைன்' என்பது. (அந்நாளில் யான் அதனைப் 'பெனிக்ன்' என்று உச்சரித்து வந்தேன், அதனைத் திருத்துவார் ஒருவரும் இலர்.) என் பட்டியலில் அதற்கு நேரே 'கருணையுள்ள' என்று எழுதியிருந்தேன், ஒரு தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் பெற்றிருந்தேன். ஆயின் கழுத்திலுள்ள கட்டி எங்ஙனம் கருணையுடையதாகும்? மருத்துவர் எதற்காக அவ்வாறு எழுதவேண்டும்? என் சட்டைப்பை அகராதியைப் புரட்டினேன்; அதிலும் 'அன்பான, கருணையுள்ள' என்றே கண்டது. எங்கள் வீட்டில் அப்பொழுதிருந்த கைப்பேசி பேசுவதற்கன்றி வேறொன்றற்கும் உதவாதது. தாளை அயல்வீட்டாரிடம் கொண்டு காட்ட என் தந்தையார் இசைந்திலர்.

யான் வாளா நின்றேன். அந்நிலையைக் கண்டோர் அதற்கு வேறு பொருள் கொண்டனர். அத்தை அடுக்களையிற் சென்று அழலாயினர். அப்பத்தாவோ, "பிள்ளைக்குச் சொல்ல வாய் வரவில்லை, அவனை விடுங்கள்" என்று கூறிப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டனர். சனி இரவும் ஞாயிறு இரவும் எங்கள் வீட்டில் ஒருவரும் உறங்கியதாகச் சொல்லவியலாது. திங்கட்கிழமை காலை மருத்துவர் தாளை ஒருமுறை நோக்கி, "தீங்கில்லாத கட்டிதான் அம்மா, பயப்பட வேண்டாம்" என்றார். யான் கற்றறிந்ததாக எண்ணியிருந்த அவ்வொரு சொல்லின் பொருள் அதுவேயாம்.

அன்று முதல் அப்பட்டியல் முறையில் உள்ள குறை யாதென்பதே என் சிந்தையாயிற்று. மனனஞ் செய்தல் குற்றமென்று யான் சொல்ல வரவில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டினை நெட்டுருச் செய்தனர். திவாகரமும் பிங்கலமும் அவ்வகையின. அவற்றிற்குப் பின்னர் 16-ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்தமையால் சிறுவர் நாவில் எளிதில் நின்றது. அதன் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினொன்றாவது 'ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி' என்பதாகும். அஃதாவது, சொல் ஒன்று, அதன் பொருளோ பல என்பதை அறிவித்தற்கென்றே ஒரு தொகுதி முழுவதும் ஒதுக்கப்பட்டது. நிகண்டு கற்ற சிறுவன், கற்ற சொற்களை அந்தாதியிலும் உலாவிலும் கலம்பகத்திலும் மறுபடி மறுபடி சந்தித்தான். நம் ஏட்டுப் பட்டியலிலோ அப்பதினொன்றாம் தொகுதியும் இல்லை. பட்டியலுக்கு வெளியே அச்சொல்லைச் சந்திக்கும் இடமும் இல்லை. நெட்டுரு என்பது மட்டும் எஞ்சி நிற்கின்றது.

இனி, ஆங்கிலத்தில் அருஞ்சொற்கள் ஏன் இத்துணை மிகுந்தன என்பதைச் சுருங்கக் காண்போம். 1066-ஆம் ஆண்டில் நார்மன் பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. பின்னர்ப் புலவர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்களை வாரிக்கொணர்ந்தனர். ஆகவே வீட்டிலும் வயலிலும் வழங்குவன பழைய ஆங்கிலச் சொற்கள். ஏட்டிலும் மன்றிலும் வழங்குவன வந்தேறிய சொற்கள். 'ஆஸ்க்' என்பது வீட்டுச் சொல். 'க்வெஸ்சன்' என்பது பிரெஞ்சு வழியாக வந்தது. 'இன்டராகேட்' என்பது லத்தீன். தமிழ் மாணாக்கனுக்கு இது புதுமையன்று. கேள், வினவு, விசாரி என நமக்கும் மூன்று உண்டு. தாய் மகனைக் கேட்கிறாள், புலவர் வினவுகிறார், காவல் நிலையத்தில் நடப்பதோ விசாரணை. இம்மூன்றையும் 'கேட்டல்' என்று ஒரே பொருள் எழுதிக் கற்பிப்போமாயின், அயல்நாட்டான் ஒருவன் நம் தாயாரைப் பார்த்து, "உங்களை விசாரணை செய்ய வந்தேன்" என்று கூறும் நாளும் வரும்.

அருஞ்சொல்லின் உள்ளே புகுதற்குரிய முதல் வாயில் நம் நன்னூலிலேயே உள்ளது. பவணந்தியார் ஒரு பதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறாகப் பிரித்துக் காட்டினார். 'நடந்தனன்' என்ற சொல்லைப் பிரித்து மதிப்பெண் பெறாத பத்தாம் வகுப்பு மாணாக்கன் இத்தமிழ்நாட்டில் இலன். ஆயின் தமிழ் வகுப்பில் முதல் மணியிற் கற்ற அவ்வித்தையை இரண்டாம் மணி ஆங்கில வகுப்பிற்குக் கொண்டு செல்லலாம் என்பதை மாத்திரம் ஒருவரும் அவனுக்குச் சொல்வதில்லை. என் தந்தையார் ஒரு பூட்டை முழுவதாகக் கண்டு கற்றாரல்லர். பிரித்து, உள்ளிருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்துக் கற்றனர். சொல்லும் அத்தகையதே.

'இன்க்ரெடிபிள்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'க்ரெட்' என்பது பகுதி. நம்புதல் என்பது அதன் பொருள். 'இபிள்' என்பது விகுதி. 'தக்க' என்று பொருள்படும். முன்னே ஒட்டிய 'இன்' என்பது எதிர்மறை. நம்பத்தகாத என்று பொருள் தானே போதரும். பகுதி ஒன்றை அறிந்தானுக்கு, கடன் கொடுப்போனாகிய 'க்ரெடிட்டர்', நம்பிக்கை அறிக்கையாகிய 'க்ரீட்', எளிதில் நம்பிவிடும் இயல்பாகிய 'க்ரெடுலிட்டி' என்பனவெல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகளாகத் தோன்றும். இங்கே நம் மொழிக்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள வேற்றுமை ஒன்றை மறத்தலாகாது. தமிழ் பின்னே ஒட்டி வளரும் மொழி. எதிர்மறை கூறவேண்டின், 'செய்யான்' என்று சொல்லின் நடுவிலும் இறுதியிலும் வேலை செய்யும். ஆங்கிலமோ முன்னும் பின்னும் ஒட்டும். ஆதலின் தமிழ் மாணாக்கன் ஆங்கிலச் சொல்லின் தலைப்பக்கத்தை இருமுறை நோக்குதல் வேண்டும்.

புணர்ச்சி விதியும் அங்குண்டு. எதிர்மறை 'இன்' என்பது மகரத்தின் முன் 'இம்' ஆகும். இம்மார்டல் என வரும். லகரத்தின் முன் 'இல்' ஆகும். இல்லீகல் என வரும். ரகரத்தின் முன் 'இர்' ஆகும். இர்ரெகுலர் என வரும். 'பொன்' என்பது குடத்தோடு சேர்ந்து 'பொற்குடம்' ஆனதை அறிந்தவனுக்கு இதில் வியப்பென்ன? மாணாக்கர் பலர் இவ்விடங்களில் ஒற்றை எழுத்தெழுதிப் பிழைபடுகின்றனர். இது திரிபு என்று உணர்ந்தால், இரட்டை எழுத்து ஏன் வந்ததென்பது மனத்தில் நிற்கும்.

இனி என்னை வருத்திய சொல்லுக்கு வருவேன். 'பெனே' என்பது லத்தீனில் 'நன்கு' என்று பொருள்படும். 'ஜென்' என்பது பிறத்தல். இவ்விரண்டும் கூடியதே 'பினைன்'. நற்பிறப்புடையது, ஆகவே நல்லியல்புடையது என்பது அதன் முதற்பொருள். நற்குடிப் பிறந்தாரிடத்து நற்குணம் இயல்பாக அமையும் என்ற எண்ணம் உரோமரிடத்தும் இருந்தது, நம்மவரிடத்தும் இருந்தது. திருக்குறளில் 'குடிமை' என்று ஓர் அதிகாரமே உண்டன்றோ? (அவ்வெண்ணம் சரியா என்பது வேறு கேள்வி, அதனை ஈண்டு யான் ஆராயப் புகேன்.) நல்லியல்புடைய அரசன் கருணையுள்ளவன், நல்லியல்புடைய கட்டி தீங்கு செய்யாதது. அதற்கு எதிர்ச்சொல் 'மாலிக்னன்ட்'. 'மால்' என்பது தீது. இவ்விரண்டு பகுதிகளை மட்டும் அந்தச் சனிக்கிழமை மாலையில் யான் அறிந்திருந்தால், அகராதியின் உதவியின்றியே பொருளை ஊகித்திருப்பேன். 'பெனிஃபிட்', 'பெனிஃபாக்டர்' என்ற சொற்களை எட்டாம் வகுப்பிலேயே கற்றிருந்தேன். கோயிலில் ஆங்கில ஆராதனையின் முடிவில் குருவானவர் கூறும் ஆசீர்வாதத்தைப் 'பெனடிக்ஷன்' என்பர் என்பதையும் அறிவேன். 'டிக்' என்பது சொல்லுதல். நன்மொழி கூறுதல் என்பது அதன் பொருள். இத்தனை உறவினர் என் அறிவில் இருந்தும், அவர்கள் ஒரே குடும்பத்தினர் என்பதை அறியாமற் போனேன்.

அச்சொல்லில் ஒலியாது நிற்கும் எழுத்து ஒன்றுண்டு. 'சைன்' என்பதிலும் அவ்வெழுத்து ஊமையாய் நிற்கும். 'சிக்னேச்சர்' என்பதில் வாய் திறந்து பேசும். அதுபோலவே 'பினைன்' என்பதில் அடங்கியிருந்த எழுத்து 'மாலிக்னன்ட்' என்பதில் ஒலிக்கிறது. உறவுச் சொல்லை அருகே வைத்துக்கொண்டால் எழுத்துப் பிழையும் நீங்கும்.

தமிழ் மாணாக்கனுக்கு இவ்விடத்தில் எதிர்பாராத ஒரு துணை கிடைக்கின்றது. 1786-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்பார், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து தோன்றியிருத்தல் வேண்டுமென்று உரைத்தார். தமிழ் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சென்னையில் எல்லிஸ் துரை 1816-ஆம் ஆண்டிலும், பின்னர் இடையன்குடியிலிருந்த கால்டுவெல் ஐயர் 1856-ஆம் ஆண்டிலும் திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை நிறுவினர். எனினும் வடசொற்கள் பல தமிழில் கலந்து வழங்குதலின், அவற்றின் வாயிலாக நாம் லத்தீன் பகுதிகளோடு உறவு கொண்டாடலாம். 'க்ரெட்' என்பதும் நம் 'சிரத்தை'யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 'ஜென்' என்பதற்கு உறவு 'ஜனனம்'. காலைக் குறிக்கும் 'பெட்' என்பதற்கு உறவு 'பாதம்'. ஆதலின் 'பெடஸ்ட்ரியன்' என்பவர் நம் பாதசாரியே. சாவைக் குறிக்கும் 'மார்ட்' என்பதற்கு உறவு 'மரணம்'. எதிர்மறை 'இன்' என்பதற்கு உறவு வடமொழி 'அ'. எனவே 'இம்மார்டல்' என்ற சொல்லும் 'அமரர்' என்ற சொல்லும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை. இதனை முதன்முதல் அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

'டென்ட்' என்பது பல். அதற்கு உறவு 'தந்தம்'. இப்பகுதியிற் பிறந்த சொல் ஒன்று தமிழர் வரலாற்றில் மிக்க துயரத்தோடு கலந்துளது. முற்காலத்து இங்கிலாந்தில் உடன்படிக்கையை ஒரே தோலில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுப்பர்; இரு பாதியும் பொருந்தினால் அது மெய்ப்பத்திரம். அதற்கு 'இண்டென்சர்' என்று பெயர். 1860-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் நேட்டால் சேர்ந்த நம்மவரும், அவர்க்குப்பின் அங்கும் பிஜித் தீவிற்கும் சென்ற பல்லாயிரவரும் அவ்வகைப் பத்திரத்திற் கைந்நாட்டு வைத்தவரே. 'அக்ரிமென்ட்' என்ற சொல்லைக் 'கிர்மிட்' என்று வழங்கினர். அச்சொல் எத்தனை ஆண்டுகளைக் குறிக்கும், எத்தகைய வேலையைக் குறிக்கும் என்பதைப் பலர் கடல் கடந்த பின்னரே அறிந்தனர். ஓர் அருஞ்சொல்லின் பொருள் தெரியாமையால் எங்கள் வீட்டார் இழந்தது இரண்டு இரவுத் தூக்கமே. அவர் இழந்தது ஐந்தாண்டு.

உறவு காண்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒத்ததெல்லாம் உறவாகா. 'எய்ட்' என்பதும் நம் 'எட்டு' என்பதும் ஒன்றெனச் சிலர் வாதிப்பர், அது தற்செயலே. 'எய்ட்' என்பதற்கு உறவு வடமொழி 'அஷ்டம்'. ரொக்கப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் 'காசு' என்பதிலிருந்து வந்ததென்பாரும் உளர். அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நம் காசைக் குறிக்க வெள்ளைக்காரர் வழங்கிய 'கேஷ்' என்ற பிறிதொரு சொல் தனியே உண்டு, அதுவே தமிழ். மெய்யாகவே தமிழிலிருந்து ஆங்கிலம் கொண்ட சொற்கள் பல. கட்டுமரம் 'காட்டமரான்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. நம் திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலைக்குப் பேரும் விலையும் தந்த சுருட்டு, 'செரூட்' என்று ஆங்கில அகராதி ஏறிற்று. 1886-ஆம் ஆண்டில் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதியில் இத்தகையன நூற்றுக்கணக்கிற் காணலாம். ஆங்கில அகராதியைக் கண்டு அஞ்சும் சிறுவனுக்கு முதன்முதல் இச்சொற்களைக் காட்டுதல் நன்று. அவன் ஊர்ச்சந்தைப் பொருள் அங்கே இடம்பெற்றிருத்தல் கண்டால் அச்சம் பாதி தீரும்.

இனி, எந்தச் சொற்களைக் கற்பது? ஆங்கிலச் சொற்கள் பல லட்சம். பள்ளிப் பருவமோ சில ஆண்டுகள். இதனை முதலில் முறையாக ஆராய்ந்தவருள் ஒருவர் நம் நாட்டிலேயே பணியாற்றியவர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பார், வங்காளச் சிறுவர் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டைக் கண்டு, 1926-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அடிக்கடி வரும் சொற்களை முன்னும் அருகி வருவனவற்றைப் பின்னும் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1953-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் உள. சாதாரண நூல்களில் வரும் சொற்களுள் பத்தில் எட்டுப் பங்கு இவ்விரண்டாயிரத்துள் அடங்கும். அதன் பின்னர், 2000-ஆம் ஆண்டில் நியூசீலந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார், கல்வி நூல்களில் மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தளித்தார். கல்வி நூல்களிற் பத்தில் ஒரு பங்கு அவற்றால் நிரம்பும். 'அனலைஸ்', 'டிரைவ்', 'சிக்னிஃபிகன்ட்' போல்வன அவை. கணிதம், விஞ்ஞானம், சரித்திரம் ஆகிய எவ்வேட்டைத் திறப்பினும் இவை எதிர்ப்படும். உயர்தரப் பள்ளி மாணாக்கன் கற்கவேண்டிய அருஞ்சொற்கள் முதற்கண் இவையே. நம் பட்டியல்களிலோ, ஆண்டுக்கொருமுறையும் எதிர்ப்படாத விந்தைச் சொற்கள் பலவற்றைக் காண்கின்றோம். அவற்றைக் கற்றவன் பிறரை வியக்கச் செய்யலாம். பாடப்புத்தகத்தை வாசிக்க அவை உதவா.

சொல்லின் பகுதி தெரிந்தாலும், அது எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியாவிடின் வழங்க இயலாது. இதற்கும் நம்மிடம் பெயர் உண்டு, 'மரபு' என்பது. தொல்காப்பியர் மரபியலிலே, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியதென்று வகுத்துச் சென்றார். யானைக்கன்று என்பது மரபு. யானைக்குஞ்சு என்பார் இலர். கோழிக்குஞ்சு என்பது மரபு; கோழிக்கன்று என்றாற் சிறுவரும் நகுவர். இரண்டும் 'இளமை' என்றே பொருள்படினும் இடம் மாறின் நகைப்பு. ஆங்கிலத்தில் 'கமிட்' என்பதற்குச் 'செய்தல்' என்று நம் பட்டியலில் எழுதுகிறோம். குற்றத்தைக் 'கமிட்' செய்வர். பிழையைக் 'கமிட்' செய்வர். தருமத்தை அவ்வாறு செய்வாரில்லை. 'நோட்டோரியஸ்' என்பதற்குப் 'பேர்போன' என்று எழுதுகிறோம். அது திருடனுக்கன்றித் தலைவருக்கு ஆகாது. ஆகலின் அருஞ்சொல்லைத் தனியே எழுதுதல் கூடாது. அதனோடு கூடிவரும் சொல் ஒன்றையாவது உடனெழுதுதல் வேண்டும். யான் 'பினைன்' என்பதற்கு நேரே கட்டியைக் குறிக்கும் 'ட்யூமர்' என்ற சொல்லையும் எழுதியிருந்தேனாயின்! ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பார் 1942-ஆம் ஆண்டில் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி, அயல்மொழி மாணாக்கருக்கென்றே, ஒவ்வொரு சொல்லும் எங்ஙனம் வாக்கியத்தில் அமையும் எனக் காட்டுவது. அதன் வழிவந்த பதிப்புக்கள் இன்றும் கிடைக்கின்றன. இரு பொருள் மட்டும் தரும் சட்டைப்பை அகராதி பத்து வைத்திருப்பதினும், அதில் ஒன்று வகுப்பறை அலமாரியில் இருத்தல் மேல்.

எஞ்சியது பயிற்சி. எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து மறதியை அளந்து, 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே விரைந்து நிகழும் என்பதும், ஒரே மூச்சிற் பலமுறை படிப்பதினும் நாள் இடைவிட்டுச் சிலமுறை படிப்பது நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. பத்துமுறை தொடர்ந்தெழுதும் நம் வழக்கம் இதற்கு நேர்மாறு. பவணந்தியாரோ, ஆசிரியர் சொல்வதை நன்கு கொண்டாலும் கல்வி காற்பங்கே ஆகும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் நன்னூற் பாயிரத்திலே கணக்கிட்டுக் கூறியுள்ளார். பட்டியல் முறையில் அக்காற்பங்கும் நிரம்புமா என்பது ஐயமே.

பொருள் கூறுவார் ஒருவரும் இல்லாமலே மக்கள் அருஞ்சொல் கற்றதும் உண்டு. யான் சிறு குழந்தையாய்க் கோயிலில் அமர்ந்திருந்தபோது 'கிருபை', 'இரட்சிப்பு', 'உபத்திரவம்' என்ற சொற்களைக் கேட்டேன். அவற்றிற்குப் பொருள் எழுதிக்கொடுத்தார் எவருமிலர். வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே சொற்களோடு கூடி வரக் கேட்டுக் கேட்டுப் பொருள் விளங்கிற்று. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது எங்கள் ஊரிற் கையெழுத்திடத் தெரியாத முதியோரும் 'க்வாரன்டைன்' என்ற சொல்லைப் பிழையறக் கையாண்டனர். இத்தாலியத் துறைமுகங்களில் கப்பலை நாற்பது நாள் தடுத்து நிறுத்திய வழக்கத்தில், நாற்பது என்ற எண்ணிலிருந்து பிறந்த சொல் அது. அவ்வரலாற்றை அவர் அறியார். எவரை எத்தனை நாள் வீட்டினுள் இருத்தவேண்டும் என்பதை நன்கறிவர். தேவையும் இடமும் சேர்ந்தால் சொல் தானே ஒட்டிக்கொள்ளும்.

சென்ற விடுமுறையில் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் என் தம்பி, நடுவே கோடிட்ட ஏட்டோடு திண்ணையில் அமர்ந்திருந்தான். அக்கோட்டை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தின் நடுவில் 'பெனே' என்று எழுதி, அதைச் சுற்றித் தான் அறிந்த உறவுச் சொற்களை எழுதச் சொன்னேன். நான்கு சொல் எழுதினான். ஐந்தாவதாக, எங்கோ வாசித்தேன் என்று சொல்லி, 'பினைன்' என்று எழுதி, "அண்ணா, இதுவும் இந்தக் குடும்பந்தானே? நடுவில் ஓர் எழுத்து ஏன் சும்மா நிற்கிறது?" என்று வினவினான். யான் விடை சொல்லத் தொடங்குமுன், அருகிற் கட்டிலிற் சாய்ந்திருந்த அப்பத்தா தலையைத் தூக்கி, "அது எனக்கு வந்த வார்த்தையல்லவா?" என்றனர்.